மிர்வாலி கொடுத்த கொழுப்பு

மஸ்தூராவின் கை நடுங்காது. தாஷ்கண்டில் அந்த ஆராய்ச்சிக் கூடத்தின் வாசல் காவலாளி வரைக்கும் தெரிந்த விஷயம் அது. அவள் செய்த வேலைக்கு அந்தக் கைதான் மூலதனம். ஒரு டெஃப்ளான் கிண்ணம், அதன் நடுவில் ஒரு தடுப்பு, தடுப்பில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். கரைத்து வைத்த கொழுப்பில் மெல்லிய தூரிகையைத் தொட்டு அந்தத் துளையின் மேல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். இழுத்ததும் துளைக்குள் ஒரு படலம் நிற்கும். மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தியதுபோல அதில் வண்ணங்கள் ஓடும். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து ஒரு கரும்புள்ளி கிளம்பிப் பரவி, படலம் முழுக்கக் கறுத்துவிடும். கறுத்துவிட்டால் அது சவ்வு. இரண்டே மூலக்கூறு தடிமன். உயிருள்ள ஒவ்வொரு செல்லும் போர்த்தியிருக்கிற தோலுக்கு மனிதன் செய்த நகல்.

மற்றவர்கள் பூசினால், பக்கத்தில் ஒருவர் தும்மினாலே அது உடைந்துவிடும். மஸ்தூரா பூசியது, வெளியே டிராம் கடகடத்துப் போனாலும் நிற்கும். அதிலும் போன குளிர்காலத்திலிருந்து அவளுடைய சவ்வுகள் இன்னும் திடமாக நின்றன. கறுக்கத்தான் கொஞ்சம் தாமதமானது. கறுத்தபின் அசையவில்லை. கைப் பழக்கம் ஏறிக்கொண்டே போகிறது என்று அவள் உள்ளூரச் சந்தோஷப்பட்டாள்.

சவ்வு நின்றதும் ஒரு பக்கத்துத் தண்ணீரில் பாம்பு விஷத்தைச் சேர்ப்பாள். தெற்கே பாலைவன ஓரத்தில் பிடிக்கிற நாகத்தின் விஷத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதம். சவ்வு முழுசாக இருக்கும்வரை அதன் வழியே மின்சாரம் போகாது, காகிதத்தில் பேனா நேர்கோடு போட்டுக்கொண்டே போகும். விஷம் வேலை செய்தால் பேனா துள்ளும். பிறகு தாறுமாறாக ஆடும். கடைசியில் சவ்வு கிழியும்.

கொழுப்பைச் செய்துகொடுத்தவன் அவள் கணவன் மிர்வாலி. அவன் வேதியியல்காரன், மூன்றாவது மாடியில் வேலை. மஸ்தூராவின் கருவி அதிர்வு படாமல் இருக்கத் தரைத்தளத்தில் இருந்தது. அலாய் சந்தையில் முட்டை வாங்கி வருவான். மஞ்சள் கருவிலிருந்து கொழுப்பை எடுத்து, நீளமான கண்ணாடிக் குழாயில் சிலிக்காப் பொடி அடைத்து, அதன் வழியே வடித்துச் சுத்தம் செய்வான். மிஞ்சுகிற வெள்ளைக்கருவைப் பக்கத்து அறை ரிம்மா அடித்து நுரையாக்கிச் சர்க்கரைப் பாகு ஊற்றி நிஷால்தா என்ற இனிப்பைச் செய்துவிடுவாள். ரிம்மா கோகாய், கொரியக் குடும்பத்துப் பெண். நிஷால்தா செய்வதில் உஸ்பெக் பெண்களையே தோற்கடிப்பாள். "உங்க ரெண்டு பேர் ஆராய்ச்சியில உருப்படியா வெளிவர்றது இது ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தை நீட்டுவாள்.

மிர்வாலி கொடுத்த குப்பியை மஸ்தூரா ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. வீட்டில் அவன் ஊற்றித் தருகிற தேநீரைச் சோதித்துவிட்டா குடித்தாள்?

அந்தக் குப்பிகளை வைத்து அவள் கண்டது பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. விஷம் செல்லை உடைக்க அந்தச் செல்லில் ஏதோ ஒரு தனிப்பட்ட பூட்டு இருக்க வேண்டும் என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். மஸ்தூராவின் சவ்வில் பூட்டு எதுவும் கிடையாது. வெறும் முட்டைக் கொழுப்பு. அதையும் விஷம் உடைத்தது. எந்தக் கொழுப்பானாலும் இந்த விஷத்துக்கு ஒன்றுதான் என்று அவள் எழுதினாள். ஆய்வகத் தலைவர் இனொயாதோவ் மகிழ்ந்துபோனார். அவரை எல்லோரும் தோம்லா, தோம்லா என்றுதான் கூப்பிடுவார்கள், வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல. ஜூன் மாதம் தாஷ்கண்டில் நடந்த மாநாட்டில் அவளையே மேடையேற்றினார்.

அவள் பேசி முடித்ததும் லெனின்கிராடிலிருந்து வந்திருந்த ஷெல்குனோவ் எழுந்தார். ஒல்லியான மனிதர், சன்னமான குரல்.

"உங்க படங்கள் ரொம்ப அழகா இருக்கு. ஆனா ஒரு சங்கடம். அதே விஷம், அதே முட்டை. எங்க சவ்வு உங்க விஷத்தை ஒரு பொருட்டாவே மதிக்க மாட்டேங்குது. ஒருவேளை எங்க கோழிங்களுக்குக் குளிர் தாங்கற உடம்போ என்னமோ."

அரங்கம் சிரித்தது. மஸ்தூராவும் சிரித்தாள்.

"உங்க கொழுப்பு சுத்தமானதுதானா? அது ஒண்ணைத்தான் கேக்கறேன்" என்றார் அவர்.

"அதைச் செஞ்சவரே இங்க இருக்காரு. அவரையே கேளுங்க." மூன்றாவது வரிசையைக் கையால் காட்டினாள்.

தோம்லா திரும்பி, "மிர்வாலி, சொல்லுப்பா. சுத்தமா?" என்றார்.

மிர்வாலி எழுந்தான். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். "சுத்தம். நானே பார்த்தேன்" என்றான். உட்கார்ந்தான்.

அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது, ஷெல்குனோவுக்கு நம் குப்பியில் கொஞ்சம் அனுப்பிவைத்தால் என்ன என்று மஸ்தூரா கேட்டாள். "எதுக்கு? லெனின்கிராட்ல முட்டைக்குப் பஞ்சமா? அவங்களே செஞ்சுக்கட்டும்" என்றான் மிர்வாலி. அவள் அதற்குமேல் கேட்கவில்லை. தனக்காக அவன் வீறாப்பாக நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். மகள் பர்னோ அவர்களுக்கு முன்னால் வாய்க்கால் ஓரமாகக் குதித்துக்கொண்டு போனாள்.

செப்டம்பரில் வழக்கம்போல ஆய்வகத்தில் பாதிப் பேரைப் பருத்தி எடுக்க வயலுக்கு அனுப்பினார்கள். மிர்வாலி ஒரு குழுவுக்குத் தலைவனாகப் போனான். அவன் போன சில நாளில் மஸ்தூராவின் குப்பி அடியைத் தொட்டது. அவன் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. மாடி ஏறினாள். புதிதாக ஒரு குழாய் எடுத்தாள், புதுச் சிலிக்கா அடைத்தாள், முட்டை உடைத்தாள். படித்த காலத்தில் செய்த வேலைதான். கொழுப்பு நன்றாக வந்தது.

கீழே வந்து பூசினாள். வண்ணங்கள் ஓடின. ஆனால் அவள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகக் கறுத்தது. கறுத்த கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி போக, உடைந்தது. மறுபடி பூசினாள். மறுபடி உடைந்தது. பதற்றத்தில் செய்கிறோமோ என்று எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். ஒருவழியாக ஒன்று நின்றது. விஷத்தைச் சேர்த்தாள்.

பேனா நேர்கோடு போட்டது.

இன்னும் கொஞ்சம் சேர்த்தாள். நேர்கோடு. கலக்கிவிட்டாள், காத்திருந்தாள். ஒரு சின்னத் துள்ளல்கூட இல்லை. விஷம் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தாள். பழைய குப்பியின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்துக் கரைத்து அதில் ஒரு சவ்வு பூசி, அதே விஷத்தை விட்டாள். பேனா பைத்தியம் பிடித்ததுபோல ஆடியது.

ஆக, விஷத்தில் குறை இல்லை. கொழுப்புதான் வேறு.

ஒரு கண்ணாடித் தட்டை எடுத்தாள். வெள்ளைப் பொடி பூசிய அந்தத் தட்டில் பழைய கொழுப்பில் ஒரு சொட்டு, பக்கத்தில் புதியதில் ஒரு சொட்டு வைத்து, கரைப்பானில் நிறுத்தினாள். கரைப்பான் ஏற ஏற ஒவ்வொரு வகைக் கொழுப்பும் ஒவ்வொரு உயரத்தில் தங்கிவிடும். பிறகு மருந்து தெளித்துச் சூடு காட்டினாள். சுத்தமான முட்டைக் கொழுப்புக்கு இந்த மருந்தில் நிறம் வராது. புதியது வெறுமையாக இருந்தது. பழையதன் பக்கத்தில், பாதிக்கும் கீழே, இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு மெல்ல எழும்பி வந்தது.

அந்த உயரமும் அந்த நிறமும் அவளுக்குத் தெரியும். மாட்டு மூளையிலிருந்து எடுக்கிற அமிலக் கொழுப்பு. எதிர் மின்னேற்றம் உள்ளது. மிர்வாலி வேறொரு குழுவுக்காகக் கசாப்புக் கடையில் மூளை வாங்கிவந்து அதையும் வடித்துக்கொண்டிருந்தான். அதே குழாயில் முட்டைக் கொழுப்பையும் வடித்திருக்கிறான். விஷப் புரதம் நேர் மின்னேற்றம் கொண்டது. அமிலக் கொழுப்பு கொஞ்சம் கலந்திருந்தால்தான் சவ்வில் அது ஒட்டும், நுழையும், கிழிக்கும். இல்லையென்றால் பக்கத்தில் மிதந்துகொண்டே இருக்கும். லெனின்கிராட்காரர் சொன்னது அத்தனையும் சரி.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். கறுக்கத் தாமதமானது, அசையாமல் நின்றது எல்லாமே கலப்புதான். தன் கை என்று இத்தனை நாள் பூரித்துப்போயிருந்ததில் பாதி, ஏதோ ஒரு மாட்டின் மூளை.

அழுகை வரும்போல இருந்தது. அப்போதும் முதலில் மனதில் வந்தது மிர்வாலிதான். பாவம், இதைக் கேட்டால் இடிந்துபோய்விடுவான், ஊரறிய எழுந்து நின்று சுத்தம் என்று சொன்னவனாயிற்றே. அவன் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? யோசித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு ரிம்மாவின் அறைக்குப் போனாள்.

ரிம்மா இதே கொழுப்புகளை வைத்துத் தண்ணீரில் மிதக்கிற நுண்ணிய குமிழ்கள் செய்வாள். உள்ளே சாயத்தை அடைத்து, எவ்வளவு கசிகிறது என்று அளப்பாள். தட்டைப் பார்த்ததும் தலையைக்கூட முழுசாகத் திருப்பாமல், "ஓ, அந்த மூளைக் கொழுப்பா? அழகா வந்திருக்கே" என்றாள்.

"எந்த மூளைக் கொழுப்பு?"

"அதான்டி, வசந்தத்துல பார்த்தோமே. சுத்தமான முட்டை, அப்புறம் மூளைக் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கூட்டி. சுத்தமானதுல ஒரு பொட்டுகூடக் கசியல. கூட்டக் கூட்டச் சாயம் கொட்டுது. நானே அசந்துட்டேன். உன் வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பார்த்து, குழந்தையைத் தூக்கற மாதிரித் தூக்கிக்கிட்டுப் போனாரே."

மஸ்தூரா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"என்னடி அப்படிப் பார்க்கற? ரெண்டு பேரும் சேர்ந்து எழுதறோம்னுதானே சொன்னார்?"

"வசந்தத்துலயா? மாநாட்டுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான். ஆப்ரிகாட் பூத்திருந்தது, ஜன்னலத் திறந்து வச்சிருந்தேன்." ரிம்மாவின் குரல் தாழ்ந்துபோயிற்று. "மாநாட்டுல நீ பேசறப்ப நான் ஊர்ல இல்ல, அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். மஸ்தூரா... உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"ஐயோ" என்றாள் ரிம்மா. கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "சத்தியமா உனக்குத் தெரியும்னு நினைச்சேன்டி. ஒரே வீட்ல படுத்து எழுந்திருக்கறவங்களுக்கு நான் போய் என்ன சொல்றதுன்னு இருந்துட்டேன்."

வயலிலிருந்து மிர்வாலி வெயிலில் கறுத்து, இரண்டு பெரிய முலாம்பழங்களைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தான். வந்ததும் பர்னோவைத் தூக்கிச் சுற்றினான். ஞாயிற்றுக்கிழமை தோம்லாவையும் இன்னும் சிலரையும் சாப்பிடக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னான். அவனுடைய டாக்டர் பட்ட ஆய்வேட்டுக்கு நாள் குறித்துவிட்டார்களாம். மஸ்தூரா அன்று எதுவும் கேட்கவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று விட்டுப்பார்த்தாள். காலைச் சாப்பாட்டின்போது எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொடுத்தான், வயலில் ஒருத்தன் டிராக்டரிலிருந்து விழுந்த கதையைச் சொன்னான், பர்னோவின் காலணி பற்றிக் கேட்டான். கொழுப்பைப்பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு காலை குடியிருப்பின் முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே பெரிய கடாயை ஏற்றினான். பிலாவ் என்கிற கறிச்சோறு என்றால் அவன்தான் செய்வான், பெண்களைக் கிட்ட விடமாட்டான். மஸ்தூரா கேரட்டை நீளநீளமாக நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என் பழைய குப்பியில மூளைக் கொழுப்பு கலந்திருக்கு" என்றாள்.

அவன் கடாயில் கரண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தான். "வெங்காயம் சிவந்துருச்சு. அந்தக் கறியைக் கொடு."

அவள் கறித் தட்டைக் கொடுத்தாள். "எந்தக் குப்பின்னுகூட நீங்க கேக்கலையே."

எண்ணெயில் கறி விழுந்து படபடத்தது. அது அடங்கும்வரை அவன் கிளறினான்.

"சிலிக்கா கிடைக்கல. மாஸ்கோவிலேர்ந்து வரல. அதே குழாயைக் கழுவிட்டு வடிச்சேன். போதும்னுதான் நினைச்சேன். முதல்ல எனக்கே தெரியாது, மஸ்தூரா."

"அப்புறம்?"

"அப்புறம் தெரிஞ்சுது."

"ஆப்ரிகாட் பூக்கறப்ப தெரிஞ்சுது. ஜூன்ல எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கிட்டு, சுத்தம்னு சொன்னீங்க."

"அத்தனை பேருக்கு முன்னாடி வேற என்ன சொல்லச் சொல்ற? என் பொண்டாட்டி இவ்வளவு நேரம் பேசினது தப்புன்னா?"

"ஆமா. அதைத்தான் சொல்லணும். அதுக்கு முந்தின நாள் வீட்லயே சொல்லியிருக்கணும். நான் மேடை ஏறியிருக்கவே மாட்டேனே."

அவன் கரண்டியைக் கடாய் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பினான். கண்களில் கோபம் இல்லை. பொறுமையாக விளக்கிச் சொல்கிறவனின் முகம். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

"நல்லா யோசிச்சுப் பாரு. நீ சொன்னது தப்புன்னு யாரோ ஒருத்தன் நிரூபிக்கத்தான் போறான். அந்த லெனின்கிராட்காரன் நிரூபிச்சா பேர் அங்க போயிடும். நான் நிரூபிச்சா வீட்டுக்குள்ளயே இருக்கும். யார் பேர்ல வந்தா என்ன, ஒரே வீட்டுக்குத்தானே வருது? எனக்கு டாக்டர் பட்டம்னா அது உனக்கும் இல்லையா?"

"அப்ப எனக்கு வந்த அசிங்கமும் உங்களுக்கு வந்ததுதானே? அதுல பாதியை அன்னிக்கே எழுந்து வாங்கிக்கிட்டு இருக்கலாமே."

"அசிங்கம் என்ன அசிங்கம். தப்பு எல்லாரும் பண்றதுதான்."

"தப்பு நீங்க பண்ணினது. குழாய் உங்களுது. என் தப்பைத் திருத்தறதா இப்ப நீங்களே பட்டம் வாங்கப் போறீங்க. இதுக்குப் பேரு கொழுப்பு. குப்பியில இருக்கற கொழுப்பைச் சொல்லல."

"மெதுவாப் பேசு. மேல் மாடியில ஜன்னல் திறந்திருக்கு" என்றான் மிர்வாலி. கேரட்டைத் தானே எடுத்துக் கடாயில் கொட்டிக்கொண்டான்.

தோம்லாவும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். மஸ்தூரா தேநீர் ஊற்றினாள், ரொட்டி வைத்தாள், முலாம்பழம் அறுத்தாள். பிலாவ் வந்ததும் மிர்வாலியின் கைமணத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். தோம்லா கை கழுவ எழுந்தபோது மஸ்தூரா தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். இந்த மனிதர் தெரிந்தால் விடமாட்டார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அவளை ஆராய்ச்சிக்குச் சேர்த்தவர் அவர்தான்.

தோம்லா துண்டில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"தெரியும்மா" என்றார். "மிர்வாலி கோடையிலயே சொல்லிட்டான். உன்கிட்டச் சொல்லிடுப்பான்னு நானும் சொன்னேன். பட்டம் முடியட்டும், அப்புறம் நிதானமாச் சொல்றேன்னான். குடும்பத்துக்குள்ள பேசித் தீர்க்கற விஷயம். அதைப் போய்ச் சபையில வைக்காதே. ஆய்வகத்துக்கும் நல்ல பேர்தான் வரப்போகுது. பிலாவ் பிரமாதம்னு அவன்கிட்டச் சொல்லு."

அவள் செம்போடு நின்றாள். பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவருக்குத் தெரியுமா, அவருக்குத் தெரியுமா என்று எண்ணத் தொடங்கி, நிறுத்திவிட்டாள். கோடை முழுக்க அவர்களில் யாராவது ஒருவர் நடைவழியில் நின்று, "அந்தச் சவ்வு எப்படி இருக்கு மஸ்தூரா?" என்று கேட்காத நாளில்லை. அவளும் ஆசை ஆசையாகப் பதில் சொல்லியிருக்கிறாள்.

அந்த வாரத்து ஆய்வகக் கூட்டத்தில் முதலில் பேசவேண்டியவன் மிர்வாலி. அவன் எழுவதற்குள் மஸ்தூரா முன்னால் போய் நின்றாள். கண்ணாடித் தட்டை விளக்குக்கு முன்னால் பிடித்தாள்.

"ஜூன் மாதம் நான் சொன்னது தவறு" என்று ஆரம்பித்தாள். "சுத்தமான முட்டைக் கொழுப்பை இந்த விஷம் தொடாது. என் சவ்வில் மூளையின் அமிலக் கொழுப்பு கலந்திருந்தது. எது கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சவ்வு எதிர்த்து நிற்பதும் கிழிவதும். நான் சோதித்துப் பார்க்காதது என் பிழை. ஆனால் இது சுத்தமானது என்று எனக்குக் கொடுத்தவர் மிர்வாலி. சுத்தமில்லை என்று வசந்தத்திலேயே அவருக்குத் தெரியும். தெரிந்தபிறகுதான் மாநாட்டில் எழுந்து சுத்தம் என்று சொன்னார்."

பின்வரிசையில் ரிம்மா எழுந்தாள். முகம் வெளிறியிருந்தது. "ஆமா. வசந்தத்துல அந்த அளவெல்லாம் நான்தான் எடுத்துக்கொடுத்தேன். மாநாட்டுக்கு முன்னாடி" என்றாள். உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தாள்.

தோம்லா மிர்வாலியைப் பார்த்தார். மிர்வாலி எழுந்தான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது, உண்மையான வருத்தம்போலவே இருந்தது.

"என் மனைவிக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல. நான் பருத்திக்குப் போனதுலேர்ந்து சரியாத் தூங்கறதில்ல. மன்னிச்சுக்குங்க, இதை வீட்லயே கவனிச்சிருக்கணும், என் தப்புதான்" என்றான்.

அரங்கில் ஒரு பெருமூச்சு பரவியது. ஆளுக்கு ஆள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்துவந்து மஸ்தூராவின் தோளைத் தொட்டு, "வா கண்ணு, வெளியில போய்க் கொஞ்சம் காத்தாட உட்காரலாம்" என்றாள். மஸ்தூராவின் கையில் இருந்த தட்டு அப்போதுதான் ஆடியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நடுங்காத கை நடுங்குகிறது, பாவம், உடம்பு முடியவில்லை என்பது அவர்களுக்கு உறுதியாகிவிட்டது.

குழாயை மாற்றாததை மன்னித்திருப்பாள். ஆய்வேட்டையும் ஜூன் மாதத்துப் பொய்யையும்கூட, நாளடைவில், பர்னோவுக்காக, எப்படியோ விழுங்கியிருப்பாள். அவன் அந்த வருத்தமான முகத்தோடு எழுந்து நின்றதை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. அந்த முகத்தை அவள் நம்பி வாழ்ந்திருக்கிறாள். காய்ச்சல் வந்தபோது அந்த முகம்தான் அவள் நெற்றிக்கு மேலே குனிந்திருந்தது. அன்றைக்கும் அதே முகம்தான், ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

அன்றே பர்னோவைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் திட்டினார். "ஒரு சொட்டுக் கொழுப்புக்காகக் குடும்பத்தை முறிச்சுக்கறவளை இப்பத்தான் பார்க்கறேன். அவன் குடிக்கறானா? அடிக்கறானா? இன்னொருத்தி பின்னால போனானா?" இல்லை, இல்லை, இல்லை என்றாள். "பின்ன என்னதான் பண்ணினான்?" அதை அவருக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல அவளால் முடியவில்லை. சொல்ல எடுத்தால் முட்டை, மூளை, குழாய் என்று சந்தைக் கணக்காகப் போய்விடுகிறது.

மிர்வாலி இரண்டு முறை வந்தான். இரண்டாவது முறை, ஆய்வேட்டில் நன்றி சொல்லும் பக்கத்தில் அவள் பெயரைச் சேர்த்திருப்பதாகச் சொன்னான். தேநீரை முழுசாகக் குடித்துவிட்டுப் போனான். பட்டத்துக்குக் குறித்த நாள் தள்ளிப்போயிற்று. பிறகு வசந்தத்தில் அது அவனுக்குக் கிடைத்தது. நல்ல ஆய்வு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அது நல்ல ஆய்வுதான். நன்றிப் பக்கத்தை ரிம்மாதான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். கருவியை இயக்கி உதவியதற்காக மஸ்தூராவுக்கு நன்றி என்று இருந்ததாம்.

விவாகரத்து முடிந்தபின் நகரத்தின் மறுகோடியில் வேறொரு ஆய்வகத்தில் மஸ்தூராவுக்கு இடம் கிடைத்தது. சின்ன அறை, பழைய கருவி. ஒரு வருஷம் கழித்து ரிம்மாவும் அங்கேயே வந்து சேர்ந்தாள். அன்று கூட்டத்தில் எழுந்து நின்றதற்குப் பிறகு பழைய இடத்தில் அவளோடு யாரும் சரியாகப் பேசுவதில்லை. இருவரும் ஒரே அறையில் வேலை செய்தார்கள். சுத்தமான கொழுப்பில் சவ்வு பூச மஸ்தூரா புதிதாகக் கற்றுக்கொண்டாள். நிறைய உடைந்தது, உடைய உடையப் பூசினாள். அமிலக் கொழுப்பு எவ்வளவு, கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக மாற்றி, எப்போது சவ்வு இறுகுகிறது, எப்போது இளகுகிறது, எங்கே விஷத்துக்கு வழிவிடுகிறது என்று பார்த்தாள். அவள் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. ஷெல்குனோவ் அதைப் படித்துவிட்டு தாஷ்கண்ட் வந்தபோது நேரில் வந்து கைகுலுக்கினார். உங்கள் கணவருடைய ஆய்வும் இதே பாதையில்தானே என்று விகல்பமில்லாமல் கேட்டார். ஆமாம் என்றாள்.

ஒருநாள் ரிம்மா தானே வடித்த கொழுப்பைக் குப்பியில் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தாள். "இந்தா. இந்த வாரம் உனக்கு வேலை மிச்சம். நிஷால்தாவும் வருது."

மஸ்தூரா நன்றி சொன்னாள். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு கண்ணாடித் தட்டை எடுத்தாள்.

ரிம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னோடதையுமா?"

"எல்லாரோடதையும்தான். கடையில வாங்கறதையும் பார்க்கறேன்."

"கடை வேற, நான் வேற." ரிம்மா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அன்னிக்கு நான் எழுந்து நின்னேன்டி."

"தெரியும்."

"அந்த வேலையே போச்சு எனக்கு."

"தெரியும், ரிம்மா."

"தெரிஞ்சுமா?"

மஸ்தூரா சொட்டு வைத்தாள், தட்டைக் கரைப்பானில் நிறுத்தினாள். வேண்டாம், எடுத்துவிடு என்று மனதுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் கை அதுபாட்டுக்கு வேலையை முடித்தது. மருந்து தெளித்துச் சூடு காட்டினாள். தட்டு வெறுமையாகவே இருந்தது. நிறம் எதுவும் எழும்பவில்லை.

"சுத்தமா இருக்கு" என்றாள், நிமிராமல்.

"எனக்குத் தெரியும்" என்றாள் ரிம்மா. தேநீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வர வெகுநேரமாயிற்று.